இலை தரும் அமைதி எதுவரை?

தேயிலைச் செடியின் வேரில் உருவாகி, தண்டின் வழியே ஏறித் தளிரில் சேரும் ஓர் அமினோ அமிலம் உண்டு. எல்-தியானைன் என்பது அதன் பெயர். 1949இல் ஜப்பானிய ஆய்வாளர் சகாதோ, கியோகுரோ என்னும் உயர்வகைப் பச்சைத் தேயிலையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். வெயில் பட்டால் இது சிதைந்து, தேநீருக்குத் துவர்ப்பைத் தரும் கேட்டச்சின்கள் உருவாகப் பயன்பட்டுவிடும். அதனால்தான் கியோட்டோவுக்கு அருகிலுள்ள உஜி வட்டாரத்தில், பறிப்பதற்கு முன் ஏறத்தாழ மூன்று வாரம் செடிகளுக்கு மேல் பந்தலிட்டு வெயிலை மறைக்கிறார்கள். பந்தல் போட்டவர்கள் நாக்கின் சுவையை நினைத்துப் போட்டார்கள். மூளையைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. இன்றோ அதே மூலக்கூறு மாத்திரையாகி, மன அமைதி என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. அமைதியை மனிதருக்குக் காட்டித் தரும் பொறுப்பைச் சமயங்கள் வெகுகாலமாகத் தம்முடையதென்று கருதி வந்திருக்கின்றன. கால் கிராம்கூட இல்லாத ஒரு பொருள் அதைத் தந்துவிடுமென்றால், தவமும் தியானமும் எதற்காக? இதைச் சிரித்து ஒதுக்க ஆன்மிகவாதிக்கு உரிமையில்லை. கேள்வியே முடிந்துவிட்டதென்று நினைக்க அறிவியல் பற்றாளருக்கும் உரிமையில்லை. இலை தரும் அமைதி மெய்யானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் மனத்தைக் கலக்குவது ஒன்றல்ல, பல. அவற்றில் சிலவற்றை மட்டுமே இலை தொடும். எவற்றைத் தொடும், எவற்றைத் தொடாது என்பதைப் பௌத்தத்தின் பழைய கணக்கு ஒன்று தெளிவாகக் காட்டிவிடுகிறது.

முதலில் சான்றுகள். எல்-தியானைன், மூளையின் முதன்மையான கிளர்ச்சிக் கடத்தியான குளூட்டமேட்டின் வடிவத்தை ஒத்தது. குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து உள்ளே செல்கிறது. உட்கொண்ட ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடும். 2008இல் வெளியான ஆய்வொன்றில் 50 மில்லிகிராம் உட்கொண்டவர்களின் மூளையில் ஆல்ஃபா அலைகள் கூடின. விழிப்போடு இளைப்பாறும் மனநிலையில் காணப்படும் அலைகள் இவை. 2007இல் ஜப்பானில் நடந்த சோதனையில், 200 மில்லிகிராம் உட்கொண்டு கடினமான மனக்கணக்குப் போட்டவர்களின் இதயத் துடிப்பு, மற்றவர்களுடையதைப்போல் எகிறவில்லை. காஃபீனோடு சேர்த்துக் கொடுத்தபோது கவனத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும் திறன் கூடியது. 2019இல், 30 பேருக்கு நான்கு வாரம் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வில் தூக்கமும் அழுத்த அறிகுறிகளும் ஓரளவு சீராயின. இவை சிறிய ஆய்வுகள், குறுகிய கால ஆய்வுகள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் அதுவரை வந்திருந்த சான்றுகளைச் சீர்தூக்கி, எல்-தியானைனுக்கும் மன அழுத்தத் தணிவுக்கும் இடையே காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று முடிவு சொன்னது. அளவையும் மறக்கக் கூடாது. ஒரு கோப்பைத் தேநீரில் பெரும்பாலும் பத்திருபது மில்லிகிராம்தான் இருக்கும். நம் வீட்டுக் கறுப்புத் தேயிலையிலும் அது உண்டு. ஆய்வகத்தில் கொடுத்த 200 மில்லிகிராமின் பலனை ஒரு கோப்பைமேல் ஏற்றிப் பேசுவது நேர்மையாகாது. விளைவு சிறியது, ஆனால் இல்லாதது அல்ல என்று சொல்வதே சான்றுகளுக்குப் பொருந்தும்.

விளைவு சிறியதோ பெரியதோ, பொருளால் வரும் அமைதி மட்டமானது, முயன்று பெறுவதே உயர்ந்தது என்று ஒரு வாதம் எழும். இந்தியச் சிந்தனை மரபு இந்த வாதத்துக்கு அவ்வளவு எளிதாகத் தலையாட்டாது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு, உண்ணும் உணவின் நுண்ணிய கூறே மனமாகிறது என்று கற்பிக்கிறார். சொல்லோடு விடவில்லை. பதினைந்து நாள் உண்ணாமல், நீர் மட்டும் அருந்தச் சொல்கிறார். அதன்பின் வேதத்தை ஓதச் சொன்னால் மகனுக்கு ஒன்றும் நினைவில் வரவில்லை. உண்டு வந்த பிறகு எல்லாம் திரும்புகிறது. உணவு மாறினால் மனம் மாறும் என்பதை ஒரு தந்தை சோதனை வைத்தே மகனுக்குக் காட்டிய இந்தக் காட்சி, நம் சமய நூல்களில் நான் மிக மதிக்கும் பகுதிகளுள் ஒன்று. உடம்பைப் பேணுவதை உயிரைப் பேணும் வழியாகக் கண்ட திருமூலரும் இந்தப் பக்கம்தான் நிற்பார். பதஞ்சலியின் யோக சூத்திரம், நான்காம் பாதத்தின் தொடக்கத்திலேயே, சித்திகள் பிறப்பாலும் மூலிகையாலும் மந்திரத்தாலும் தவத்தாலும் சமாதியாலும் வரும் என்று வரிசைப்படுத்துகிறது. மூலிகையை அது வெளியே தள்ளவில்லை. ஆனால் சில சூத்திரங்கள் தள்ளி, இவற்றுள் தியானத்தில் விளைந்த மனத்தில் மட்டுமே பழைய வினைப்பதிவுகளின் தேக்கம் இல்லை என்று கோடு கிழிக்கிறது. மூலிகையின் பயன் மெய்தான்; வினையின் வேரை அது அறுப்பதில்லை. மூச்சை நெறிப்படுத்துவதும் நோன்பிருப்பதும் உடம்பின் வேதியியலை மாற்றும் செயல்கள்தாமே. இவற்றை ஏற்பவர், இலையைப் பார்த்து மட்டும் முகம் சுளிக்க நியாயமில்லை.

இனி அந்தப் பௌத்தக் கணக்கு. தியானத்துக்கு இடையூறாகும் ஐந்து தடைகளைப் பாலி நூல்கள் சொல்கின்றன: புலனின்ப வேட்கை, பகை, சோம்பலும் மந்தமும், பரபரப்பும் மனஉறுத்தலும், ஐயம். தேநீரைத் துறவிகள் கையில் எடுத்ததற்குக் காரணம் இவற்றுள் மூன்றாவது. போதிதர்மர் தியானத்தின் நடுவே கண்ணயர்ந்துவிட்டதால் சினந்து தம் இமைகளை அரிந்தெறிந்தார், அவை விழுந்த இடத்தில் தேயிலை முளைத்தது என்பது பிற்காலத்தில் வழங்கிய கதை. தென்னிந்தியாவிலிருந்து சென்றவர் என்று ஒரு பழைய சீனக் குறிப்பும், பாரசீகர் என்று இன்னொன்றும் சொல்லும் அந்தத் துறவியைத் தமிழர்கள் காஞ்சிக்காரராகவே கொண்டாடுகிறார்கள். கதை வரலாறு அல்ல. ஆனால் துறவிகள் இலையிடம் எதிர்பார்த்தது விழிப்பை என்பதை அது காட்டுகிறது. 1191இல் சீனாவிலிருந்து தேயிலை விதைகளைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் ஜென் துறவி எய்சாய், 1211இல் தேநீர் குடித்து நலம் பேணுவதைப் பற்றித் தனி நூலே எழுதினார். மயக்கி அசட்டையாக்கும் குடியை ஐந்தாம் சீலம் என்னும் ஒழுக்க விதியால் விலக்கிய சமயம் இந்தக் குடியை மடத்துக்குள் வரவேற்றதும் இதனால்தான். பொருள் தூயதா இல்லையா என்பது அங்கே கேள்வியே அல்ல. அருந்தியவன் விழிப்போடு இருக்கிறானா என்பதுதான் கேள்வி. இன்றைய அறிவியல் இதற்கு ஒரு பின்குறிப்பு சேர்க்கிறது. காஃபீன் மூன்றாம் தடையான மந்தத்தைப் போக்கும். அது கிளப்பிவிடக்கூடிய படபடப்பை, அதாவது நான்காம் தடையின் பாதியை, எல்-தியானைன் தணிக்க உதவும். ஒரே இலையில் இரண்டும் சேர்ந்திருப்பது துறவிக்கு வாய்த்த பேறு.

நான்காம் தடையின் பாதி என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். மறுபாதி மனஉறுத்தல். செய்ததை எண்ணியும், செய்யாமல் விட்டதை எண்ணியும் நெஞ்சு குத்துவது. பரபரப்பும் உறுத்தலும் உடம்பில் ஒன்றுபோலத்தான் தெரியும்: இதயம் அடித்துக்கொள்ளும், தூக்கம் வராது, எண்ணம் ஓரிடத்தில் நிற்காது. ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. பரீட்சைக்கு முந்தைய இரவின் படபடப்பைத் தணித்தால் யாருக்கும் இழப்பில்லை. தம்பியின் பங்கை ஏமாற்றி எழுதி வாங்கியவருக்கு இரவில் தூக்கம் வராமலிருப்பது அப்படியல்ல. அந்தக் குத்தல் அவருக்குள் இன்னும் உயிரோடு இருக்கும் நீதி. பௌத்தம் அதற்குச் சொல்லும் வழி சீலம்: செய்ததை ஒப்புக்கொள்வது, இனிச் செய்யாதிருப்பது. பத்திரத்தைத் திருத்தாமல் துடிப்பை மட்டும் குறைத்துக்கொண்டால் அவர் அமைதி பெற்றதாக நான் ஏற்கமாட்டேன். ஒரு சாட்சியின் வாயை அடைத்திருக்கிறார். நல்லவேளையாக எல்-தியானைனுக்கு அவ்வளவு வலுவில்லை. ஆனால் எந்தத் தணிப்பானையும் பற்றி, அது மனத்தில் எதைத் தணிக்கிறது என்று கேட்கும் வழக்கத்தை நாம் இந்த எளிய இலையிடமிருந்தே தொடங்கலாம்.

வேட்கையும் பகையும் ஐயமும் மீதி. உடம்பு தணிந்தால் கோபமும் தணியாதா, ஆகவே இலை பகையையும் தொடுகிறதல்லவா என்று ஒருவர் கேட்கலாம். சட்டென்று பற்றும் சினம் கொஞ்சம் தாழலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பகை எப்போதும் சூடாக இருப்பதில்லை. குளிர்ந்த தலையோடு திட்டமிடும் பகையே கொடியது. 16ஆம் நூற்றாண்டு ஜப்பான் இதற்குப் பெரிய சாட்சி. அன்று நாட்டை ஆண்ட தொயோதோமி ஹிதேயோஷி தேநீர்க் கலையில் தோய்ந்தவர். 1587இல் கித்தானோவில் மாபெரும் தேநீர்ச் சபை கூட்டினார். பொன்னால் ஒரு தேநீர் அறையே செய்வித்தார். அவர் குடித்தது மாட்சா. இலையையே பொடித்து முழுதாய் அருந்தும் தேநீர். அவருடைய தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ, எளிமையையும் அமைதியையும் அந்தக் கலையின் உயிராக்கியவர். 1591இல் அந்த ஆசானையே தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும்படி ஹிதேயோஷி கட்டளையிட்டார். அடுத்த ஆண்டு கொரியாவின்மீது படையெடுத்தார். இலையும் குறையவில்லை, சடங்கும் குறையவில்லை, குருவும் அருகில் இருந்தார். ஆட்சியாளரின் மண்ணாசையும் வன்மமும் கோப்பையின் எல்லைக்கு வெளியே இருந்தன. மாத்திரையை நம்புபவருக்கு மட்டுமல்ல, சடங்கை நம்புபவருக்கும் இதில் பதில் இருக்கிறது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. தியானிப்பவரின் மூளையிலும் ஆல்ஃபா அலைகள் கூடுகின்றன. எல்-தியானைன் உட்கொண்டவரின் மூளையிலும் கூடுகின்றன. மூளை ஒரே நிலையில் இருக்கும்போது அமைதி மட்டும் எப்படி வேறாகும்? மனம் மூளைக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. அந்த வாதம் இல்லாமலே இதற்கு விடை உண்டு. ஆல்ஃபா அலையைக் கண்டறிந்து 1929இல் வெளியிட்ட ஹான்ஸ் பெர்கர் காட்டியது, கண்ணை மூடினாலே அது எழும் என்பதை. கண்ணை மூடியவரெல்லாம் ஞானியில்லை. அலை ஓர் அடையாளம்; அந்த நேரத்து நிலையைச் சொல்லும். சமயங்கள் பேசும் அமைதி நேரத்தைச் சார்ந்த நிலை அல்ல, ஒரு பழக்கம், ஒரு சாய்வு: இகழ்ந்தவனுக்கு என்ன பதில் வருகிறது, இழப்பு வந்தால் மனம் எங்கே போகிறது, பிறர் உயர்வு கண்ணை உறுத்துகிறதா என்பதில்தான் அது தெரியும். அதுவும் மூளையில்தான் பதிந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கான செயலால் பதிந்தது அது. சில மணி நேரத்தில் உடம்பைவிட்டு நீங்கும் ஒரு மூலக்கூற்றால் பதிவதில்லை.

மூளை நலத்தைத் தேநீர் காக்கும் என்ற பெரிய நம்பிக்கையும் சான்றில் தடுக்கி நிற்கிறது. ஜப்பானில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ ஆயிரம் பேரைப் பார்த்து 2006இல் வெளியான ஆய்வு, நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ பச்சைத் தேநீர் குடிப்பவர்களிடம் அறிவாற்றல் குறைவு அரிதாகக் காணப்பட்டதாகச் சொன்னது. ஊக்கம் தரும் செய்தி. ஆனால் தேநீர் குடிப்பவர் பெரும்பாலும் தனியே குடிப்பதில்லை. உடல்நலமும் நண்பர்களும் உள்ளவரே நாளும் உட்கார்ந்து தேநீர் குடிப்பவராக இருக்கலாம். எது காரணம், எது விளைவு என்று இத்தகைய ஆய்வு சொல்லாது. இலையைவிட எதிரே அமர்ந்து பேசும் மனிதரே மூளையைக் காத்திருக்கவும் கூடும். எனக்கு அந்தப் பக்கமே சாய்வு அதிகம்.

தமிழில் இதைப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் நகர முடியாது. நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் இந்த இலையைப் பறித்த கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். அந்த வாழ்வின் கொடுமையைப் பி. எச். டேனியல் எழுதிய ஆங்கில நாவல், தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று வந்து பலரை உலுக்கியது. அருந்துபவரின் நரம்பைத் தணிக்கும் இலை, பறிப்பவரின் நாளைத் தணிக்கவில்லை. அமைதியை அறமாகக் கருதும் எவரும் கோப்பையின் விலையில் பறித்தவருக்கு என்ன சேர்கிறது என்று கேட்டே தீர வேண்டும்.

தேநீர் குடியுங்கள், பால் விட்டோ விடாமலோ, பிடித்தவரோடு உட்கார்ந்து குடியுங்கள். மாத்திரையாக எடுக்க எண்ணுபவர்கள், குறிப்பாக இரத்த அழுத்தத்துக்கோ தூக்கத்துக்கோ ஏற்கெனவே மருந்து உண்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நாள்பட்ட மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் இது சிகிச்சை அல்ல. ஐந்து தடைகளில் ஒன்றரைக்கு இந்த இலை துணைநிற்கும். மீதி மூன்றரையும் நம் பொறுப்பு.