அளவுக்குவளை இல்லாத அடுப்படி

வயிற்றுப்போக்கால் துவண்ட குழந்தைக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். தூளின் பெரிய பொட்டலத்தில் 20.5 கிராம் இருக்கும். ஒரு லிட்டர் நீரில் கரைக்கும்படி அதன்மேல் அச்சிட்டிருப்பார்கள். எத்தனையோ வீடுகளில் லிட்டர் அளவு கிடையாது. முழுத் தூளையும் ஒரு டம்ளர் நீரில் கொட்டினால் உப்பு மிஞ்சிக் குழந்தையின் நிலை மோசமாகலாம். நீர் கூடிப்போனால் உடல் இழந்த உப்பு திரும்பாது. தவறு நேர்ந்தபின் தாய் சரியாகப் படிக்கவில்லை என்று முடித்துவிடுகிறோம். இது அநியாயமான தீர்ப்பு. அளவுக்குவளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியவர், அது இல்லாத அடுப்படியை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். தெரிந்தவருக்கே பொறுப்பு அதிகம்.

வாசகருக்கும் கவனம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் இரவெல்லாம் விழித்த தாயிடம் எவ்வளவு கவனம் மிஞ்சியிருக்கும் என்று கணக்கிடுவதும் எழுதுபவரின் வேலையே. எளிமையாக்கினால் துல்லியம் போய்விடும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 1980 முதல் பத்தாண்டு காலம் வீடுவீடாகச் சென்று, ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இத்தகைய கரைசலை வீட்டிலேயே தயாரிக்கக் கற்பித்தது. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர்: அளவு இவ்வளவுதான். அரை சேர் எவ்வளவு என்ற குழப்பம் வராமலிருக்க, அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே கோடு போட்டுக் காட்டினார்கள். கிள்ளும் விரலை நம்பலாமா என்ற ஐயத்தையும் சும்மா விடவில்லை. தாய்மார் கரைத்ததை ஆய்வகத்தில் சோதித்தார்கள். ஆகவே எளிமைக்காகத் துல்லியத்தைக் கைவிடவில்லை, அதைத் தாயின் கைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். இன்னொரு ஏற்பாடு என்னை மிகவும் கவர்கிறது. கற்பித்தவரின் ஊதியம், பின்னர் வேறொருவர் போய் விசாரிக்கும்போது அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார் என்பதைப் பொறுத்தது. தாய் மறந்தால் கூலி குறைந்தது கற்பித்தவருக்குத்தான்.

இருந்தும், கரைக்கத் தெரிந்த தாய்மார் பலர் தொடக்கத்தில் அதைப் பயன்படுத்தவில்லை. அப்போதும் அமைப்பு தாய்மாரைக் குறை கூறவில்லை. காரணம் தேடியபோது, கற்பித்தவர்களிலேயே பலர் தமக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அந்தக் கரைசலைக் குடிப்பதில்லை என்று தெரிந்தது. மறுபயிற்சி அவர்களிடமிருந்தே தொடங்கியது.