எண்ணும் கையும் நீளும் கையும்



இன்று செப்டம்பர் 21. திருத்தூதரும் நற்செய்தியாளருமான புனித மத்தேயுவின் விழா. தம்முடைய அழைப்பைப் பற்றி மத்தேயு எழுதியது ஒரே ஒரு வசனம்தான். இயேசு போகிற வழியில் சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்தார். தம் பின்னால் வரச் சொன்னார். அவர் எழுந்து போனார். இயேசு பார்த்ததற்கும் அவர் எழுந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது? மத்தேயு சொல்லவில்லை. அந்த ஒரு கணத்தை ஓர் ஓவியர் வரைந்து வைத்திருக்கிறார். என் வாழ்க்கையில் நான் மறக்க முடியாத மறையுரை ஒன்று உண்டென்றால், அந்த ஓவியம்தான்.

ரோமாபுரியில் நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களுடைய புனித லூயிஸ் ஆலயம் இருக்கிறது. அங்கே இடப்பக்கம் கடைசிச் சிற்றாலயம், 1585இல் இறந்த மத்தேயு என்ற பெயர் கொண்ட ஒரு பிரெஞ்சுக் கர்தினாலுடையது. தம் பெயருக்குரிய புனிதரின் வாழ்க்கையை அதன் சுவர்களில் தீட்டவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அந்த வேலை 1599இல் கரவாஜோ என்ற அந்த ஓவியரின் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு 27 வயது. ஆலயத்துக்கென்று அவர் செய்த முதல் பெரிய வேலை அதுதான். மறுவருடமே ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ சுவரில் ஏறிவிட்டது. உயரம், அகலம் இரண்டும் மூன்று மீட்டருக்கு மேல்.

படிப்பதற்காக ரோமில் இருந்த காலத்தில் நான் அங்கே போனேன். சிற்றாலயம் இருட்டாக இருந்தது. ஓரத்தில் ஒரு பெட்டி. அதில் காசு போட்டால் சிறிது நேரம் விளக்கு எரியும், பிறகு அணைந்துவிடும். என்னிடம் இருந்தது மிகக் குறைந்த காசு. ஒரு நாணயத்தைக் கையில் எடுத்தேன். போட மனம் வரவில்லை. யாராவது போடட்டும் என்று இருட்டில் நின்றேன். வயதான ஒரு பெண்மணி வந்தார். தயங்காமல் காசைப் போட்டார். விளக்கு எரிந்தது.

ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர். கரவாஜோ காலத்து ரோமாபுரியின் பகட்டான உடைகள், இறகு வைத்த தொப்பிகள், ஒருவன் இடுப்பில் வாள். வலப்பக்கம் இருளில் இயேசுவும் பேதுருவும், காலில் செருப்புகூட இல்லாமல். இயேசுவின் கை நீண்டிருக்கிறது. அந்தக் கைக்கு மேலாக ஒளி அறைக்குள் சாய்ந்து விழுகிறது. மேசையின் இடது கோடியில் ஓர் இளைஞன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாணயங்களை எண்ணுகிறான். அவன் கையைப் பார்த்தேன். பிறகு என் கையைப் பார்த்தேன். நாணயத்தை இறுக்கிப் பிடித்தபடியே நின்றிருந்தேன். இன்னொருவர் போட்ட காசின் வெளிச்சத்தில்தான் ஆண்டவர் எனக்கு என் கையைக் காட்டினார்.

அன்புக்குரியவர்களே, திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும், திருத்தந்தை ஆவதற்கு முன்பு ரோமுக்கு வரும்போது அடிக்கடி அந்த ஆலயத்துக்குப் போய் இதே ஓவியத்தின் முன்னால் நின்றவர். காசை விடாமல் பிடித்திருக்கும் அந்தக் கையில் தம்மைக் கண்டதாகவும், ஆண்டவர் கண்ணோக்கிய பாவி தாம் என்றும் 2013இல் ஒரு நேர்காணலில் அவர் சொன்னார். அவருடைய இறையழைத்தலும் ஒரு மத்தேயு திருவிழாவில்தான் தொடங்கியது. 1953 செப்டம்பர் 21 அன்று, 16 வயதில், ஒப்புரவு அருட்சாதனம் பெறும்போது கடவுளின் இரக்கம் தம்மைத் தொட்டதாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அறைக்குத் திரும்பியதும் அந்த ஓவியத்தை வரைந்து பார்க்கவேண்டும் என்று தோன்றியது. நான் ஓவியன் அல்ல. ஆனாலும் வரையும்போதுதான் கண் உண்மையாகப் பார்க்கிறது. ஒரு தாள் முழுக்கக் கரியைப் பூசினேன். வெளிச்சம் விழும் இடங்களில் கரியைத் துடைத்தெடுத்தேன். முகங்கள் ஓரளவு வந்தன. இயேசுவின் கை மட்டும் வரவே இல்லை. கட்டளையிடுகிற கையாக, விரலை விறைப்பாக நீட்டி வரைந்துகொண்டே இருந்தேன். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்தக் கை விறைப்பாகவே இல்லை. மணிக்கட்டு தளர்ந்து, விரல்கள் மெல்ல வளைந்து இருக்கின்றன. சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மைக்கலாஞ்சலோ தீட்டிய ஆதாமின் கை அது. கடவுள் உயிர் கொடுப்பதற்காகத் தொட வரும்போது ஆதாம் நீட்டுகிற கை. புதிய ஆதாமாகிய கிறிஸ்து அதே கையை நீட்டுகிறார். இந்த முறை உயிர் பெறுவதற்காக அல்ல, கொடுப்பதற்காக. அதில் அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. பிள்ளைகளைக் கூப்பிடும்போது நம் கை எப்படி இருக்கிறது?

பேதுருவின் கையையும் பாருங்கள். ஆண்டவருடைய சைகையையே அவரும் செய்கிறார், கொஞ்சம் தடுமாற்றத்தோடு. பேதுரு முதலில் ஓவியத்தில் இல்லை, பிறகுதான் சேர்க்கப்பட்டார் என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். திருச்சபையின் வேலையே அதுதானே? அழைப்பவர் ஆண்டவர், அவருடைய கையைப் பார்த்து நம் கையை நீட்டுவது மட்டுமே நம் பங்கு. இந்த ஓவியத்தை வரைந்த கையும் பரிசுத்தமான கை அல்ல. 1606இல் கரவாஜோ ஒரு சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டு ரோமை விட்டு ஓடினார். 1610இல், 38 வயதில் இறந்தார். நீதிமான்களை அல்ல, பாவிகளையே தேடி வந்ததாக இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் சொல்வது மத்தேயுவுக்கு மட்டும் அல்ல.

சென்ற மாதம் இந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து நம் அன்பியக் கூட்டங்களுக்கு எடுத்துவந்தேன். “இதில் மத்தேயு யார்?” என்று கேட்டேன். பலரும் நடுவில் இருக்கும் தாடிக்காரரைக் காட்டினீர்கள். “என்னையா?” என்று கேட்பதுபோல அவர் விரல் நீட்டுகிறார். காலங்காலமாக அப்படித்தான் கருதப்பட்டு வந்தது. அந்தச் சிற்றாலயத்தின் மற்ற ஓவியங்களிலும் மத்தேயுவுக்குத் தாடி உண்டு. ஆனால் அந்த விரல், பக்கத்தில் குனிந்திருக்கும் இளைஞனைக் காட்டி “இவனையா?” என்று கேட்கிறது, அவன்தான் மத்தேயு என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள்.

ஒரு கூட்டத்தில், மீன் விற்கும் ஓர் அம்மா படத்தின் அருகில் போய் அந்த இளைஞனைத் தொட்டுக் காட்டினார். “இவன்தான் சாமி” என்றார். “அவன் ஆண்டவரைப் பார்க்கவே இல்லையேம்மா?” என்று கேட்டேன். அவர் சொன்னார்: “எண்ணுறவன் எப்படி சாமி நிமிருவான்? நிமிர்ந்தா கணக்கு விட்டுப் போயிரும்ல.”

எத்தனையோ விரிவுரைகள் படித்த எனக்கு, இந்த நற்செய்தியை அன்று விளக்கிச் சொன்னவர் அவர்தான். ஏலக்கூடத்தில் விடியற்காலையில் காசு எண்ணும் கை அவருடையது. அதனால் அவருக்குத் தெரிந்தது. நாமும் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் நிமிர மாட்டோம். வரவேண்டிய கடன், மகளுக்குப் போடவேண்டிய நகை, பங்காளி செய்த துரோகம், யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் எழுதினோம், நமக்கு எவ்வளவு திரும்பி வந்தது. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். நிமிர்ந்தால் கணக்கு விட்டுப்போகும் என்ற பயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவன் நிமிர்வதற்கு முன்பே ஒளி அவன் நெற்றியில் விழுந்துவிட்டது. அவன் பார்ப்பதற்கு முன்பே ஆண்டவர் அவனைப் பார்த்துவிட்டார்.

மத்தேயு நிமிர்ந்தார். எழுந்தார். அன்றைய கணக்கு விட்டுப்போனது. ஆனால் அந்த எண்ணும் திறமையை ஆண்டவர் வீணாக்கவில்லை. மத்தேயு நற்செய்தியைத் திறந்து பாருங்கள். முதல் அதிகாரத்திலேயே பதினான்கு, பதினான்கு, பதினான்கு என்று தலைமுறைகளை எண்ணுகிறார். கோடிக்கணக்கில் கடன் மன்னிக்கப்பட்டும் சிறு கடனை மன்னிக்காத பணியாளன், கடைசியில் வந்தவருக்கும் முழுக்கூலி கொடுத்த திராட்சைத் தோட்டக்காரர், மீனின் வாயில் கிடைத்த நாணயம், யூதாசுக்கு எண்ணிக் கொடுத்த முப்பது வெள்ளிக்காசு. இவற்றையெல்லாம் இந்த விவரத்தோடு எழுதியது மத்தேயு ஒருவரே. வரியை எண்ணிய கை, கடவுளின் இரக்கத்தை எண்ணி எழுதுகிற கை ஆனது.

இன்று இரவு ஜெபத்துக்கு முன், வீட்டில் எல்லாரும் ஒரு நிமிடம் உங்கள் உள்ளங்கையைத் திறந்து பாருங்கள். நான் எதை எண்ணிக்கொண்டு நிமிராமல் இருக்கிறேன் என்று கேளுங்கள். இன்னும் சிறிது நேரத்தில் நற்கருணை வாங்க இந்தப் பீடத்தின் முன் வருவீர்கள். மூடிய கையில் அப்பத்தை வைக்க முடியாது. கையைத் திறந்து வாருங்கள். கணக்கு விட்டுப் போகட்டும்; அழைக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

ஆமென்.