சேர்ந்து தேய்ந்த பற்கள்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் கியர் பாக்ஸைக் கழற்றுகிறவர் பெரும்பாலான வேலையைக் காருக்குள் உட்கார்ந்தே செய்துவிடலாம். முன்சீட்டுகளை எடுத்து வெளியே வைத்து, தரைவிரிப்பைச் சுருட்டி, இரண்டு சீட்டுக்கும் நடுவே மேடாக இருக்கும் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கியர் பாக்ஸ் முழுதாகக் கண்முன்னே கிடக்கும். எஞ்சினிலிருந்து அதைப் பின்னால் இழுத்து, அப்படியே மேலே தூக்கி, கதவு வழியாக வெளியே கொண்டுவரலாம். பள்ளம் தோண்டிய பட்டறையும் தேவையில்லை, காரை உயரே தூக்கும் லிஃப்டும் தேவையில்லை. பழைய கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தி, விடுமுறை நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் கொடுக்கிறவர்களுக்கு இவ்வளவு ஒத்துழைக்கிற கார் வேறொன்று கிடைப்பது கடினம்.

இந்த வசதி ஒரு நெருக்கடியில் பிறந்தது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனத்துக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை, போட்டியாளரான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. சேசிஸ் இல்லாமல் ஒரே கூடாக நிற்கும் பாடியைச் செய்துதர இனி ஆளில்லை என்ற நிலையில், தனிச் சேசிஸ் மேல் பாகம் பாகமாகப் போல்ட் போட்டு முடுக்கும் பழைய முறைக்கே அந்த நிறுவனம் திரும்பியது. இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி வரைந்த அந்தக் கார் 1959-இல் வெளிவந்தது. பாகம் பாகமாகப் பூட்டுவது என்பதால் வேற்று நாட்டில் வைத்துச் சேர்க்கவும் எளிது. 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அதைத் தயாரித்தது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உருவானது. அந்த வகையில் அது நம்மூர்க் கார்தான். 948 சி.சி. எஞ்சின், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் முன்சக்கரங்கள். இன்று ஓடும் ஹெரால்டுகளில் பெரும்பாலானவை அரை நூற்றாண்டைத் தாண்டியவை. அவற்றின் கியர் பாக்ஸ் தேயாமல் இருந்தால்தான் வியப்பு.

தேய்மானம் முதலில் காதுக்குத்தான் வரும். ஒன்று, இரண்டு, மூன்றாம் கியர்களில் தரையதிரும் ஒரு முனகல் கேட்கிறது; டாப்பில் போட்டதும் அடங்கிவிடுகிறது. இதைக் கேட்ட மாத்திரத்தில் அனுபவமுள்ள மெக்கானிக் லே ஷாஃப்டைச் சொல்லிவிடுவார். மந்திரம் எதுவுமில்லை. கீழ் கியர்களில் எஞ்சினின் பலம் மேல் தண்டிலிருந்து கீழே இருக்கும் லே ஷாஃப்டுக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி மேலே ஏறித்தான் சக்கரத்துக்குப் போகிறது. நாலாவதான டாப் கியரிலோ முன்தண்டும் பின்தண்டும் நேராகப் பிணைந்துகொள்கின்றன. கீழே இருக்கும் பற்சக்கரக் கூட்டம் சுற்றினாலும் சுமை எதையும் தாங்குவதில்லை. சுமை வரும்போது முனகி, சுமை நீங்கியதும் அடங்குவது எதுவோ, நோய் அங்கேதான்.

ஆனால் காது சொன்னதை நம்பி உடனே ஸ்பானரை எடுப்பதும் தவறு. கியர் போடும்போது 'கர்ர்' என்று கடிப்பதற்கு எல்லோரும் கியர் பாக்ஸையே குற்றம் சாட்டுவார்கள். ஹெரால்டின் கிளட்ச் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்வது. அந்தக் குழாயில் கொஞ்சம் காற்று புகுந்தாலோ, சிலிண்டர் வாஷர் கசிந்தாலோ கிளட்ச் முழுதாக விடுபடாது. பாக்ஸ் நன்றாக இருந்தாலும் பற்கள் கடிக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது கிளட்சை மிதித்து, சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போதும் கடித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிளட்சை. ஓடும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுவதும் இப்படித்தான். தாங்கு ரப்பர் இற்றுப்போய் பாக்ஸே ஆடுவதால் இருக்கலாம்; கியர் கம்பியைப் பிடித்து நிறுத்தும் சின்ன ஸ்பிரிங் தளர்ந்ததாலும் இருக்கலாம். பெரிய நோய் என்று பயந்து பிரித்துப் போட்ட எத்தனையோ பாக்ஸ்கள் ஒரு ரப்பர் துண்டோடு சரியாகியிருக்க வேண்டியவை.

இவையெல்லாம் சரிபார்த்தும் முனகல் போகவில்லை என்றால் கழற்றத்தான் வேண்டும். பேட்டரி வயரை எடுத்து, புரொப்பல்லர் ஷாஃப்டின் நாலு போல்ட்டைக் கழற்றி, ஸ்பீடோமீட்டர் கேபிளையும் கிளட்ச் சிலிண்டரையும் விலக்கி, எஞ்சின் தொங்காமல் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி முட்டுக்கொடுத்து, பெல் ஹவுசிங் போல்ட்டுகளை எடுக்க வேண்டும். கவனம் முழுக்க வேண்டியது கடைசி இழுப்பில். பாக்ஸின் முழு எடையும் கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைந்திருக்கும் மெல்லிய தண்டில் தொங்கிவிடக் கூடாது. நேராக, மட்டமாக, ஒரே சீராகப் பின்னால் வர வேண்டும். அவசரக்காரர்கள் கிளட்ச் பிளேட்டைக் கோணலாக்குவது இந்த இடத்தில்தான்.

பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் ஆயிலைப் படிக்க வேண்டும். வெளிறிய பாத்திரத்தில் வடித்து வெயிலில் சாய்த்தால் பொன்தூள் மின்னும். அது சின்க்ரோ ரிங்கும் வெண்கல வாஷரும் கரைந்து வந்தது. காந்தத்தை முக்கினால் ஒட்டிக்கொள்ளும் சாம்பல்நிறக் குழம்பு வயதானால் வருவது, கவலை வேண்டாம். செதில் செதிலாகவோ ஊசி முனையாகவோ எஃகு ஒட்டிவந்தால்தான் பேரிங்கோ பல்லோ உடைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு மூடியைத் திறந்து, கியரை நகர்த்தும் ஃபோர்க்கைப் பார்த்தால் ஓட்டியவரின் கையே தெரியும். கியர் கம்பியின் மேல் கையைப் போட்டபடியே ஓட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தக் கையின் பாரம் சுழலும் வளையத்தின் மேல் ஃபோர்க்கை இடைவிடாமல் உரசவைத்து, ஒரு பக்கமாக வழித்துவிடும். பெயர் தெரியாத பழைய உரிமையாளர் ஒருவர் தன் இடது கையைப் பல வருடம் எங்கே வைத்திருந்தார் என்பது அந்த இரும்பில் பதிந்து கிடக்கிறது.

லே ஷாஃப்டை உருவும்போது அதே தடிமனில், நீளம் குறைந்த போலித் தண்டு ஒன்றைப் பின்னாலேயே நுழைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வட்டமாக அடுக்கியிருக்கும் ஊசி உருளைகள் கொட்டிப்போகும். வெளியே வந்த தண்டை விரல் நகத்தால் வருடிப் பார்த்தால் முனையில் சொரசொரப்பு. வெப்பமேற்றிக் கடினமாக்கிய மேல்தோல் பெயர்ந்து, சின்னச் சின்னப் பள்ளங்கள். ஆயில் குறைந்தபடியே ஓட்டப்பட்ட வண்டிகளில் இது சீக்கிரம் வரும்.

இனிமேல்தான் உண்மையான கேள்வி. திறந்தாயிற்று, எல்லாம் பழசு, எதை மாற்றுவது, எதை விடுவது?

கை வைத்ததே வைத்தோம், எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரும். இங்கிலாந்தில் இதே குடும்பத்து கியர் பாக்ஸ் வைத்த ட்ரையம்ஃப் கார்கள் இன்னும் நிறைய ஓடுவதால் லே ஷாஃப்ட், பேரிங், ரிங் எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் பழைய பாகங்களும் அகப்படலாம். ஆனால் கியர் பற்களைப் பொறுத்தவரை புதியது நல்லது என்ற கணக்கு செல்லாது. ஒரு ஜோடிப் பற்சக்கரங்கள் பல்லாயிரம் கிலோமீட்டர் ஒன்றையொன்று தேய்த்து, ஒன்றின் மேட்டுக்கு மற்றொன்றின் பள்ளம் என்று படிந்துவிட்டவை. பழைய ஆட்டுக்கல்லில் புதுக்குழவியைப் போட்டால் மாவு அரைபடாமல் ஒதுங்குவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். ஒரு சக்கரத்தை மட்டும் புதிதாக்கினால் பாக்ஸ் ஊளையிடத் தொடங்கும்; புதுப்பல் பழைய பல்லையும், பழைய பல் புதுப்பல்லையும் கெடுக்கும். அடியில் இருக்கும் பற்சக்கரக் கூட்டமோ ஒரே எஃகில் கடைந்தது. அதை மாற்றினால் மேலே அதோடு சேரும் எல்லாச் சக்கரமும் அன்னியமாகிவிடும்.

ஆகவே கைதேர்ந்தவர்கள் தேய்மானத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பள்ளம் விழுந்த லே ஷாஃப்ட் அதன் இடத்தில் சும்மா இருக்காது. அது உதிர்க்கும் எஃகுத்துகள் ஆயிலில் மிதந்து நல்ல பேரிங்குகளுக்குள்ளும் போகும். அதை ஊசி உருளைகளோடு சேர்த்து மாற்றியே ஆக வேண்டும். மூன்றாம் கியரின் பற்கள் வழவழப்பாகத் தேய்ந்து மெல்ல ஊளையிடுகின்றன, ஆனால் விரிசலோ பெயர்ப்போ இல்லை, அவற்றை விட்டுவிடலாம். சின்க்ரோ ரிங் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. 1928-இல் காடிலாக் கார்களில் ஏர்ல் தாம்ப்சனின் கண்டுபிடிப்பாக அறிமுகமான சின்க்ரோமெஷ், இரண்டு சக்கரங்கள் பிணைவதற்கு முன் அவற்றின் வேகத்தை உரசி உரசிச் சமமாக்குகிறது. ஹெரால்டில் முதல் கியருக்கு அது கிடையாது. மற்ற மூன்றுக்கும் உண்டு. ரிங்கின் உட்புற நுண்வரிகள் ஆயில் படலத்தை வெட்டிப் பிடிப்பதற்காக இருப்பவை. அவை மழுங்கினால் ரிங் வழுக்கிக்கொண்டே இருக்கும், பற்கள் கடிக்கும். புது ரிங் போடத்தான் வேண்டும். ஆனால் அது உரசும் கூம்பு கண்ணாடிபோல் பாலிஷ் ஏறியிருந்தால், அதையும் தேய்த்துப் பழக்கித்தான் புதியதைச் சேர்க்க வேண்டும்.

புதியதைப் பழையதோடு எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி இந்தக் காரைச் செய்த நிறுவனத்தையே விடவில்லை. 1985-இல் அது ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை வெளியிட்டது. உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, நவீனமானது, அழகானது. உள்ளே வைத்ததோ 1940களில் பிறந்த வான்கார்டு எஞ்சின் வழிவந்த 1991 சி.சி. எஞ்சின். அந்த எஞ்சின் தன் காலத்தில், தன் வேன்களில் உழைத்து ஓடியதுதான். ஆனால் இரண்டும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை அல்ல. விலை அதிகம், பெட்ரோல் செலவு அதிகம், ஓட்டம் குறைவு. 1988-க்குள் கதை முடிந்தது. பலர் அதை எஞ்சினின் குற்றம் என்பார்கள். பொருத்தியவர்களின் குற்றம் என்று சொல்வதே நியாயமாகப் படுகிறது.

வீடுகளில் இதே கேள்வி வேறு உருவத்தில் வருகிறது. அப்பாவுக்குக் காது மந்தமாகிப் பல வருடம் ஆகிறது. அம்மா அதற்கேற்பக் குரலை உயர்த்திப் பேசப் பழகிவிட்டார். அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டார். தொலைபேசியைத் தானே எடுக்கிறார். உறவினரிடம் அப்பாவுக்கும் சேர்த்துத் தானே பதில் சொல்கிறார். வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் நல்லெண்ணத்தோடு காதுக்கருவி வாங்கிப் பொருத்துகிறார்கள். மறுநாளே அம்மாவின் குரல் அவருக்கு இரைச்சலாகிறது. ஏன் கத்துகிறாய் என்கிறார். இத்தனை காலம் அவருக்காகவே உயர்ந்த குரல் அது. கருவி மேசை இழுப்பறைக்குப் போகிறது. பிள்ளைகள் அப்பாவின் பிடிவாதத்தைக் குறை சொல்லிக்கொண்டு ரயிலேறுகிறார்கள்.

கருவி வேண்டாம் என்பதில்லை, வேண்டியதுதான். ஆனால் தேய்ந்தது ஒரு காது மட்டுமல்ல. ஒரு தாம்பத்தியமே அந்தக் காதைச் சுற்றிப் படிந்திருக்கிறது. அப்பாவுக்குக் கருவி வைக்கும் நாளில் அம்மாவும் கூட உட்கார்ந்து, மெதுவாகப் பேசவும், அவரையே பதில் சொல்ல விடவும் சில வாரம் பழக வேண்டும். சொன்ன கதையையே திரும்பச் சொல்வது, செய்தித்தாளை ஒரே மாதிரி மடிப்பது, பழைய டப்பாக்களைச் சேர்த்துவைப்பது போன்றவற்றில் கைவைக்க வேண்டிய அவசியமே இல்லை. அவை யாரையும் அரிப்பதில்லை. மறைத்துவைத்த கடனும், பேசாமல் அடக்கிய கோபமும் வேறு வகை. அவை வீடு முழுக்கச் சுற்றிவரும். யாரிடமிருந்து உதிர்ந்தது என்று தெரியாமலே எல்லோருக்குள்ளும் போய்த் தங்கும். அந்த இடத்தில் தயங்குவதுதான் தீங்கு.

பாக்ஸைத் திரும்பப் பூட்டுவது கழற்றியதன் தலைகீழ் வரிசைதான் என்று கைநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடும். ஊசி உருளைகளைக் கிரீஸில் ஒட்டவைத்து அடுக்குவதற்கே பொறுமை வேண்டும். ஆயிலும் கடையில் கொடுத்ததை ஊற்றுவதற்கில்லை. ஜி.எல்.-5 வகையில் இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் வெண்கல ரிங்குகளை அரிக்கக்கூடும். பழைய பாக்ஸுக்கு ஜி.எல்.-4 தான் ஏற்றது. ஒரு லிட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதையும் வடித்து, மறுபடி காந்தம் முக்கிப் பார்ப்பது நல்லது.

மூன்றாம் கியரின் ஊளை அப்படியே இருக்கும். ஏறி உட்காரும் நண்பர்கள் இவ்வளவு செலவழித்தும் இந்தச் சத்தம் போகவில்லையா என்று கேட்பார்கள். அவர்களுக்கு விளக்குவதைவிட முக்கியமான ஒரு வேலை இருக்கிறது. இனி இருபது வருடம் கழித்து வேறு யாரோ இந்த மூடியைத் திறப்பார். மாற்றியவற்றின் பட்டியலைப் பலரும் எழுதிவைக்கிறார்கள். அவரிடம் போய்ச் சேர வேண்டியது விட்டவற்றின் பட்டியலும்தான். மூன்றாம் கியர்ப் பற்கள், பற்சக்கரக் கூட்டம், ஒரு பக்கம் தேய்ந்த ஃபோர்க். ஒவ்வொன்றின் அளவும், ஏன் விடப்பட்டது என்ற காரணமும், தேதியும். அதை எழுதிக் காரின் ஆவணங்களோடு சேர்த்து வைத்த பிறகே ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் போட வேண்டும்.