தடைக்கு முந்தி வாங்கலாமா?

"சட்டம் கடுமையாகுமுன் துப்பாக்கி ஒன்று வாங்கி வைப்பது குற்றமா?" எனத் தளேகாவ் உபாசகர் ஒருவர் வினவினார்.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டபோது, உரிமம் பெற்றவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் மூன்றினின்று இரண்டாகக் குறைந்தன. மூன்று வைத்திருந்தோர் ஒன்றை ஓராண்டுக்குள் ஒப்படைக்க நேர்ந்தது. முந்தி வாங்கியதால் எய்திய பயன் யாது?

காட்டுப் பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் உழவரின் தேவை, சட்டத்திற்கு முன்னும் பின்னும் ஒன்றே. 'நாளை கிடைக்காது' என்பதாலேயே இன்று பிறப்பதை வேட்கை என்போம். ஆயுத வாணிகத்தை உபாசகர்க்கு விலக்கினார் பகவன் புத்தர். வேட்கையால் வாங்குவோர் இன்றேல் அவ்வாணிகம் எங்ஙனம் கொழிக்கும்?

ஆகவே, உரிமத்துக்கு விண்ணப்பிக்குமுன், 'தடை வாராதெனினும் இதை வாங்குவேனா?' என்று நெஞ்சத்தை வினவுக. 'இல்லை' என்பது விடையாயின் வாங்காதொழிக. அஞ்சுவது எதற்கு என்பதை அண்டை அயலாரோடு கூடி ஆராய்க.