பூக்கொய்தல் தகுமோ?

எளியனவாய்த் தோன்றும் வினாக்களுட் சில, விடைகூறப் புகுவாருடைய ஒழுக்கத்தையே சோதித்துவிடும் இயல்பின. அத்தகையதொரு வினா பேராதனைப் பூந்தோட்டத்தில் எம்மை எதிர்ப்பட்டது. வினாவியவர் கற்றறிந்தாரல்லர், பத்து வயதுச் சிறுமி. அவ்வினாவையும், யாம் அதற்கு விடைகூற மாட்டாது நின்றமையையும், பின்னர் எமக்குத் தெளிந்தவற்றையும் சைவாசிரியர்களாகிய அன்பர்முன் வைக்க விழைகின்றோம்.

விடுமுறை நாளொன்றில், நுகேகொடையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, கொழும்புக் கோட்டையிற் புகைவண்டியேறி, கடுகண்ணாவை மலையேற்றங் கடந்து பேராதனை சேர்ந்தோம். முன்னாளிற் கண்டி அரசர்க்கு உரியதாயிருந்த அவ்விடத்தில், 1821ஆம் ஆண்டு அலெக்சாந்தர் மூன் என்பார் காலத்திலே இப்போதுள்ள தோட்டம் நிறுவப்பட்டது. 147 ஏக்கர் பரப்புள்ள அதனை மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்து அணைத்தோடுகின்றது. அன்று திருவிழாக் கூட்டம்போல் மாந்தர் திரண்டிருந்தனர். ஓர்க்கிட் மலர்கள் தொங்கும் மனையையும், அணிவகுத்த பனையினச் சாலைகளையும், ஆற்றங்கரை மூங்கிற் புதர்களையும் கண்டு பிள்ளைகள் களிகூர்ந்தார்கள்.

நண்பகலில், 1901ஆம் ஆண்டு பிற்காலத்து ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான இளவரசரும் அவர் தேவியாரும் நாட்டிய நாகலிங்க மரத்தை அடைந்தோம். இம்மரம் தென்னமெரிக்காவுக்குரியது. ஆயினும் அதன் பூவின் நடுவையும், அதன்மேற் படம்போற் கவிந்த கேசரத்தையும் கண்ட நம்மவர் சிவலிங்கமும் நாகமும் என்றனர். இந்நாட்டுப் பௌத்தரோ அதிலே தாதுகோபத்தைக் கண்டு போற்றுகின்றனர். பூ ஒன்றே, காண்பார் உள்ளத்து அன்பு வழியே அதற்குப் பெயர் அமைந்தது.

மரத்தடியில் வீழ்ந்து கிடந்த மலரொன்றைச் சிறுமி கையிலேந்தி, "ஐயா, இதைக் கோயிலுக்குக் கொண்டுபோகலாமா?" என்றாள். நிலத்தில் வீழ்ந்த பூப் பூசைக்கு ஆகாது என்றோம். "அப்படியானால் மரத்திலிருந்து ஒன்று பறிக்கட்டுமா?" என்றாள். இங்கே பூப்பறித்தல் கூடாது என்றோம். "வீட்டிலே விடியற்காலம் பறிக்கிறோமே! பறிப்பது பிழையென்றால் அங்கும் பிழைதானே? பிழையில்லையென்றால் இங்கு மட்டும் ஏன் கூடாது? செடியில் இருக்கும்போது சுவாமி அதைப் பார்க்க மாட்டாரா?" என்று அவள் அடுக்கினாள். யாம் விடை காணாமல், "பேசாமல் வா" என்று அதட்டினோம். அவள் அம்மலரை மரத்தின் அடியிலே வைத்துவிட்டு மௌனமாய் எம்மைப் பின்தொடர்ந்தாள். அந்த மௌனம் வீடுவரை எம்மைச் சுட்டது.

இனி அவ்வினாவை ஆராய்வோம். மரஞ்செடிகள் உயிருடையன என்பது நமக்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியர் அவற்றை ஓரறிவுயிரென வகுத்தார். செடிகள் புறத்தூண்டுதலுக்கு எதிர்வினை புரிதலை வங்கத்து அறிஞர் ஜகதீச சந்திர போசர் (1858–1937) நுண்கருவிகளாற் காட்டினார். அவை நம்மைப்போல் நோவறியுமோ என்பது வேறு வினா. அறியா என்று துணிந்தாலும், அவற்றை வேண்டியவாறு சிதைத்தற்கு உரிமை பெற்றோமல்லேம். தாயுமான சுவாமிகளோ மலரினுள்ளே இறைவன் இருத்தலைக் கண்டு, அதனைக் கொய்தற்கு மனம் இசையாமையைப் பாடியருளினார்.

அங்ஙனமாயின், திருப்புகலூரிலே வைகறையில் எழுந்து, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகைப் பூவுங் கொய்து மாலை தொடுத்த முருக நாயனார் செய்தது என்னை? இருவரும் முரணினர் அல்லர். ஒருவர் நிலை ஞானம். மற்றவர் தொண்டு சரியை. எங்கும் சிவத்தைக் காண்பார்க்குக் கொய்தற்குக் கையெழாது. அந்நிலை எய்தாத நாம், கூந்தலுக்கும் மேசைக்கும் வரவேற்புக்கும் பூவைக் கொய்துகொண்டே, பூசைக்குக் கொய்தல் மட்டும் கொலையென்று பேசுதல் ஞானமன்று. சோம்பலுக்கு இட்ட போர்வையாம்.

ஆயின், பூசைக்கென்றால் எப்பூவையும் எவ்வாறும் கொய்யலாமோ? இங்கேதான் நாம் பெரும்பாலும் வழுவுகின்றோம். பூவின் இயல்பு கூறக் கமலை ஞானப்பிரகாசர் புட்பவிதி என ஒரு நூலே செய்தனர். முதிராத மொட்டும், வாடியதும், முகர்ந்ததும், புழுக்கடித்ததும் விலக்குதல் நம் வழக்கு. இத்துணை நுணுக்கமாய்ப் பூவின் தூய்மையை ஆராயும் நாம், அது வந்த வழியின் தூய்மையை ஆராய்கின்றோமா?

கழற்சிங்க நாயனாருடைய தேவியார் திருவாரூரிலே இறைவர்க்குரிய பூவொன்றை எடுத்து மோந்தார். அதன்பொருட்டு அவர் பெற்ற தண்டம் பெரியபுராணத்தாற் பலரும் அறிவர். தண்டத்தின் கடுமை கண்டு பிள்ளைகள் அஞ்சுவர். அவர்க்கு நாம் உணர்த்தற்பாலது உட்பொருளையே: பிறர்க்கென அமைந்ததைத் தனக்கெனக் கொள்ளுதல் குற்றம். இறைவர்க்குரியதை நாம் கொள்ளுதல் குற்றமாயின், பிறர்க்குரியதைக் கவர்ந்து இறைவர்க்கு இடுதலும் அதன் மறுபுறமே அன்றோ? பேராதனைப் பூ வந்து காண்பார் அனைவர் கண்ணுக்கும் உரியது. அதனைக் கொய்பவன் ஆயிரவர் பொருளைக் கவர்ந்தவனாவான். கோயிலிற் கொண்டுபோய்ச் சாத்தினும் அக்குற்றம் தீராது.

இவ்விடத்து எம் பிழையையும் மறையாது கூறல் வேண்டும். நுகேகொடையில் எம் அயல்வீட்டு வேலிக்கு மேலே நீண்ட செவ்வரத்தைக் கிளையிற் பலநாள் விடியற்காலையிற் பூக்கொய்து பூசை செய்து வந்தோம். வேலிக்கு இப்பால் வந்தது எமதே என்று மனத்துக்கு நியாயமுங் கற்பித்தோம். பேராதனையிலிருந்து மீண்ட மறுநாள் அவ்வீட்டுச் சிங்கள மூதாட்டியாரிடம் சென்று உண்மை கூறினோம். அவர் சினந்திலர். "போயா நாளில் விகாரைக்குப் பூக் குறைந்தபோது பறவைகள் கொத்தினவாக்கும் என்றிருந்தேன்" என்று நகைத்து, நடுதற்கு ஒரு கிளையை வெட்டித் தந்தார். எம் வழிபாட்டுக்காக மற்றொருவர் வழிபாட்டைக் குறைத்தோம் என்பதை அப்போதே உணர்ந்தோம்.

ஆகலின், தானே நட்டு, நீர் வார்த்து, காத்து வளர்த்த செடியில், வண்டுக்கும் விதைக்கும் சில விட்டு, வேண்டுமளவே கொய்து இடும் பூவே காணிக்கையாம். உழைப்பின்றி இடுவது பெயர்மாத்திரையே. வேறு வழியின்றி விலைகொடுத்துக் கொள்வாரும் அளவறிந்து கொள்ளுக. நந்தவனம் வைத்தல் சிவபுண்ணியமெனப் பெரியோர் வகுத்ததன் கருத்தும் இதுவென்க. பூ யாதும் கிடையாதார்க்கும் குறையில்லை. அகப்பூசைக்குரிய எட்டு மலர்களுள் முதலாவது கொல்லாமை. வாய்மையும் அன்பும் அவற்றுள் அடங்கும். புறமலரைக் கொய்யும் கையில் இவ்வகமலர்கள் வாடாதிருத்தல் வேண்டும்.

ஆசிரியர்களே! பள்ளி முற்றத்தில் நான்கடி நிலமேனும் நந்தவனமாக்கி, ஒவ்வொரு மாணவர்க்கும் ஒரு செடியை ஒப்புவியுங்கள். சமயபாட நூல் பல நாளிற் கற்பிப்பதை அச்செடி ஒரு பருவத்திற் கற்பித்துவிடும். யாம் நட்ட செவ்வரத்தை இப்போது துளிர்த்துள்ளது. அதன் முதற்பூவைக் கொய்யும் நாளில் அச்சிறுமியையும் அழைக்க எண்ணியுள்ளோம். அன்று அவள் மீண்டும் வினாவினால், அதட்டாது விடைகூறத் திருவருள் துணை செய்க.