என் பெயரிலும் ஒரு வாக்கு

போன மாதம் எங்கள் தொழிற்சாலை கண்டீனில் காஸாவுக்காக ஓர் உண்டியல் வைத்தார்கள். பத்து ரிங்கிட்டை எடுத்த கை ஒரு நொடி நின்றது. "நம்ப ஆளுங்க செத்தப்ப யாரு கேட்டா?" 2009 மே மாதம், ஸ்கூடாய் வீட்டில் பேப்பரை மடித்து வைத்தபடி அப்பா சொன்னது. அப்போது எனக்குப் பதினொரு வயது.

அப்பாவின் கோபம் ஆதாரமில்லாதது அல்ல. அந்த ஆண்டு ஜனவரி 12 அன்று, காஸாவில் போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஐ.நா. மனித உரிமை மன்றம் இஸ்ரேலைக் கண்டித்து, விசாரணைக் குழு அனுப்பத் தீர்மானித்தது. மலேசியா ஆதரித்தது. மே 27 அன்று அதே மன்றத்தில் இலங்கை தானே கொண்டுவந்த தீர்மானம், சர்வதேச விசாரணை பற்றிப் பேசாமல், 29க்கு 12 என்று வென்றது. மலேசியா அதையும் ஆதரித்தது. இந்தியாவும்தான்.

சரி, மேற்குலகம் யோக்கியமா? ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் மூன்றும் மே மாதம் கொழும்பை எதிர்த்து வாக்களித்தன. ஜனவரியில் காஸாவுக்கு அதே மூன்றும் நடுநிலை!

இந்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், "யார் செத்தார்கள்?" என்று எந்த அரசும் முதலில் கேட்டதாகத் தெரியவில்லை. "கூட்டாளி யார்? இன்று அங்கே போகும் விசாரணை நாளை நம் வாசலுக்கும் வருமா?" இதைத்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பல கோடிப் பேருக்குப் பொறுப்பான அரசு இப்படிக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது என்பார்கள். இருக்கலாம். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் எனக்கு அது புரிகிறது.

ஆனால் எனக்கு அந்தப் பொறுப்பு இல்லையே. கண்டீனில் நான் ஏன் அதே கணக்கைப் போட்டேன்? ஆலையில் விபத்து நடந்தால், அடிபட்டவன் எந்த டிபார்ட்மெண்ட், போன தடவை நமக்கு உதவினானா என்று கேட்டுவிட்டா மெஷினை நிறுத்துகிறோம்?

அப்பாவின் கேள்வி நியாயமானது. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் புத்ராஜெயா. நான் அதைப் போய் ஒரு காஸா குழந்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பணத்தைப் போட்டேன். அதோடு மனசு லேசாகிவிடவில்லை. மே 27 வாக்கு என் பெயரிலும் போடப்பட்டது. அன்று நான் சிறுவன். இன்று ஓட்டுரிமை உள்ளவன். ஓட்டு கேட்டு வரும் எவரிடமும் நான் இதுவரை வெளியுறவுக் கொள்கை பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. எங்கள் தாமானில் வடிகால் அடைத்திருப்பதைத்தான் கேட்டிருக்கிறேன்.