பறவை பெரிதா, பிழைப்பு பெரிதா?



நமது திருவள்ளூர் மாவட்டத்தில் இக்காலத்தில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. "பறவை பெரிதா, மனிதன் பிழைப்பு பெரிதா?" என்பதே அது. கேட்பதற்குச் சிறு கேள்விதான். ஆயினும் மனசாட்சிக்குரிய பெரிய காரியம் ஒன்று இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே சற்றுப் பொறுமையோடு இதை ஆராய்வோம்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். தொழிற்சாலை பாவமன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கிடைக்கும் சம்பளத்தால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், கடன் அடைகிறது. துறைமுகமின்றி வாணிபமில்லை, மின்சாரமின்றி ஆஸ்பத்திரியுமில்லை. எனவே வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிப்பது விவேகமாகாது. அதைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவதும் விவேகமாகாது.

இப்போது பழவேற்காட்டைப் பாருங்கள். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பரந்து கிடக்கிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரத்தின் வழியாகக் கடல் உப்பு நீரைக் கொண்டுவருகிறது. இவ்விரண்டும் கலக்கும் இடத்தில்தான் இறால் குஞ்சு வளர்கிறது, மடவை பெருகுகிறது, நண்டு கொழுக்கிறது. அவற்றைத் தேடிக் குளிர்காலத்தில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் ஆயிரக்கணக்கில் வந்திறங்குகின்றன. 1980-ல் தமிழக அரசு தன் பகுதியில் சுமார் 153 சதுர கிலோமீட்டரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

அந்த நீரில் மனிதரும் வாழ்கிறார்கள். அங்கே பாடு முறை என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எந்த இடத்தில் வலை வைப்பது என்று ஊரார் கூடி, சீட்டுப் போட்டு, முறை வைத்துக்கொள்கிறார்கள். வலுத்தவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளாமலும், இளைத்தவன் பட்டினி கிடக்காமலும் இருக்கப் பெரியோர் செய்த நியாயம் அது. வலையும் படகும் இல்லாத இருளர் குடும்பத்தார், பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து ஜீவிக்கிறார்கள்.

இந்த ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கிறது. 2013-ல் இயங்கத் தொடங்கி, 2018-ல் அதானி நிறுவனத்தின் கைக்கு வந்தது. இதனைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 கோடியே 46 லட்சம் டன் சரக்கைக் கையாளும் திறனை 32 கோடி டன்னாக உயர்த்துவது அதன் நோக்கம். வேண்டிய நிலத்தில் ஒரு பகுதி, கடலைத் தூர்த்து உண்டாக்க வேண்டியது. இதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடப்பதாக இருந்து, இருமுறையும் தள்ளிவைக்கப்பட்டது.

"துறைமுகம் ஓரிடத்தில், ஏரி வேறிடத்தில், இதில் என்ன தீங்கு?" என்று கேட்பீர்கள். நமது கரையோரத்தில் ஆண்டின் பெரும் பகுதியில் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்கிறது. குறுக்கே கல்லைக் கொட்டி அணை கட்டினால், தெற்கே மணல் குவியும்; வடக்கே கரை அரிக்கப்படும். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் வேலை 1876-ல் தொடங்கிற்று. அதன் பின்னர் தெற்கே மெரினா அகன்று வளர்ந்தது; வடக்கே இராயபுரத்தின் கரையைக் கடல் தின்றது. மெரினாவில் காற்று வாங்குகிறவர், அந்த மணலுக்கு விலை கொடுத்தவர் யார் என்று நினைப்பதில்லை. காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நிற்பதோ ஒரு மணல் திட்டு.

ஆகவே முதலில் கேட்ட கேள்வியே பிழையானது. இது பறவைக்கும் மனிதனுக்கும் நடக்கும் வழக்கன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாவின் சிறகில் படிந்த அதே கறை மீனவரின் வலையிலும் படிந்தது. பறவைக்கு ஆகாத தண்ணீர் மனிதனுக்கும் ஆகாது. உண்மையான வழக்கு மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையில் உள்ளது. லாபம் ஒருவருக்கும் நஷ்டம் இன்னொருவருக்கும் போய்ச் சேருமானால், அதை "நாட்டு வளர்ச்சி" என்ற ஒரே பெயரால் அழைப்பது தகுமா?

"நஷ்டஈடு கொடுத்துவிட்டால் போகிறது" என்பார் சிலர். வேதாகமத்தில் நாபோத்தின் கதையை நீங்கள் அறிவீர்கள். ஆக்காப் அரசன் அவனுடைய திராட்சைத் தோட்டத்துக்குப் பதிலாக அதைவிட நல்ல தோட்டம் தருவதாகச் சொன்னான். பணமும் தருவதாகச் சொன்னான். விலை குறைவென்றா நாபோத் மறுத்தான்? அது மூதாதையர் விட்டுச்சென்ற உரிமை. விற்கத் தனக்கு அதிகாரமில்லை என்று கருதினான். ஏரியும் அத்தகையதே. ஒரு தலைமுறை அதைக் கையெழுத்திட்டு விற்றுவிட்டால், இன்னும் பிறவாத பிள்ளைகளுக்கு யார் நஷ்டஈடு கொடுப்பது? அவர்கள் பெயரில் பணம் வாங்கிக்கொள்ள நாம் யார்?

இன்னுமொன்று. பூநாரையால் நமக்கு ஒரு காசு வருமானமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அதை அழிக்கலாமா? நாம் படைக்காத ஒன்றை, மீண்டும் படைக்க நம்மால் ஆகாத ஒன்றை, நமக்குப் பிரயோஜனமில்லை என்பதற்காக இல்லாமற் செய்ய நமக்கு உரிமை ஏது? வாடகை வீட்டில் குடியிருப்பவன், தனக்கு வேண்டாத அறையை இடித்துப்போடத் துணிவதில்லை. 2015-ல் போப் பிரான்சிஸ் இந்தப் பூமியைப் பற்றி ஒரு முழுச் சுற்றுமடலே எழுதியதும், சிருஷ்டிக்கு நாம் காவலர் என்ற இக்கடமையை நினைவூட்டத்தான்.

அப்படியானால் ஒரு திட்டமும் வேண்டாமென்பதா? அன்று. எந்தத் திட்டம் வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை வேறிடத்தில் செய்ய முடியுமா? தவறிப்போனால் திரும்பச் சரிசெய்ய முடியுமா? இழக்கப்போகிறவர் அறிந்து சம்மதித்தாரா? ஆலை மூடினால் இன்னோர் ஆலை கட்டலாம். முகத்துவாரம் கெட்டு, மணல் திட்டு உடைந்துபோன ஏரியை எந்தப் பொறியாளர் திரும்பக் கட்டுவார்?

ஏரியைக் காப்பது பிழைப்பைக் கெடுப்பதுமன்று. சிலிகா ஏரி மண்ணடைந்து நலிந்து, 1993-ல் ஆபத்திலுள்ள நீர்நிலைகளின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. 2000-ல் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். மீன்வளம் திரும்பிற்று, 2002-ல் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்கிற்று. அங்கே காசு செலவழித்தது ஏரிக்கு. வயிறு நிறைந்தது மீனவருக்கு.

"பெரியவர்கள் முடிவு செய்வதில் நாம் என்ன செய்ய முடியும்?" என்று சோர்ந்துவிடாதீர்கள். 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, இத்தகைய பெருந்திட்டங்களின் அறிக்கைச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வைக்க வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். அதைப் படியுங்கள். படித்த பிள்ளைகள் படியாதவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். கூட்டத்துக்குப் போங்கள், கோபமின்றி, அச்சமின்றி, கண்டதைச் சொல்லுங்கள். ஆலையில் வேலை செய்கிறவர் மீனவரைப் பகைக்க வேண்டாம். மீனவரும் ஆலைத் தொழிலாளியைப் பகைக்க வேண்டாம். இருவரும் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்களே.

அடுத்த முறை சந்தையில் பழவேற்காட்டு இறாலுக்கு விலை பேசும்போது, அதைச் சேற்றில் தடவி எடுத்த கைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு, அந்தக் கைகளுக்குரியதை நாம் யாருக்காக, எந்த உரிமையால் விட்டுக்கொடுக்கிறோம் என்று உங்கள் வீட்டிலே பேசிப் பாருங்கள்.